காளானும் ஓங்கிலும் ஐந்து நிமிடமும்

“கறியும் காளானும் ஒண்ணுதான், நீ என்னத்தப் படிச்சிருந்தா எனக்கென்ன, இனிமே இந்த அடுக்களையில நான் பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்” என்று காலையில் அத்தை சொன்னாள், சொல்லிப் பதினோரு நிமிடத்தில் அதே அடுக்களையிலிருந்து நான் ஆற்றிக்கொண்டுபோய் வைத்த காப்பியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள், காப்பி பச்சத்தண்ணியில் சேராது என்பது என் மாமியார் வகுத்த வகைப்பாடு, எண்பத்தொரு வயதில் பல் பாதி போய்விட்டது, நாக்கு அப்படியே இருக்கிறது, நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தேனா, “பூசணிக்காய்க்குந்தான் சதை இருக்கு, அதுவும் கறியா அத்தை” என்று கேட்டேன், கேட்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது, அவர் வழக்கம்போலச் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், முப்பது வருஷமாக என் வீட்டுக்காரருக்கு நாங்கள் இரண்டு பேரும் சண்டையைத் தொடங்கிய அடுத்த நொடி உலகச் செய்தியில் அக்கறை வந்துவிடும், போகட்டும், இப்போது அதுவா முக்கியம், இப்போது நான் தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் இந்தக் கடல் கண்காட்சிக்கூடத்து வராந்தாவில் ஒரு மரபெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், என் வலதுகை முழுக்க வேர்த்து அதற்குள் இரண்டு சீட்டுகள் நனைந்துகொண்டிருக்கின்றன, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல இரண்டு ஆட்கள் வேண்டுமாம், பிளஸ் டூவில் உயிரியல் படித்திருந்தால் போதும், பேசத் தெரிந்தால் போதும், வயது வரம்பில்லை என்று போட்டிருந்தார்கள், வயது வரம்பில்லை என்ற அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது, வந்து பார்த்தால் பதினோரு பேர், ஒன்பது பேருக்கு என் மகள் வயது, ஒருவர் ரிட்டையர்டு வாத்தியார், அப்புறம் நான், வந்தவுடன் ஆளாளுக்கு செல்போனை வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டார்கள், இரண்டு பிஸ்கட் டின்னை நீட்டினார்கள், ஒரு டின்னுக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், எடுத்த இரண்டு உயிரையும் வகைப்பாட்டிலும் பாதுகாப்பு நிலையிலும் ஒப்பிட்டு ஐந்து நிமிடம் பேச வேண்டும், யோசிக்க அரைமணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஜெனிட்டாவுக்கு ஆலமரமும் கடல்குதிரையும் வந்தது, எனக்கு வலதுபக்க டின்னிலிருந்து ஓங்கில், அதாவது டால்ஃபின், இடதுபக்க டின்னிலிருந்து காளான், ஆமாம், காளான், உலகத்தில் இத்தனை லட்சம் உயிர் இருக்க என் கைக்கென்று வந்தது காளான்.

ஜெனிட்டா எட்டிப் பார்த்தாள், “ஐயோ ஆன்ட்டி, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையே, மாத்திக் கேளுங்களேன்” என்றாள், எம்.எஸ்ஸி. கடல் உயிரியலாம், நகத்தில் கடல் நிறத்தில் பூச்சு, அப்புறம் கொஞ்சம் யோசித்து, “உங்க பொண்ணு உள்ள இருக்காளா ஆன்ட்டி, துணைக்கு வந்தீங்களா?” என்று கேட்டாள், சீட்டை என் கையில் பார்த்துவிட்டே கேட்கிறாள், “இல்ல, துணைக்கு ஆளக் கூட்டிக்கிட்டு நாந்தான் வந்திருக்கேன், அந்தா நிக்காரு பாரு” என்று வேப்பமரத்தடியில் ஹெல்மெட்டும் கையுமாக நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டினேன், சிரித்துவிட்டாள், நல்ல பெண், நல்ல பெண்ணாக இருப்பதால் என்ன, அவள் சொன்னது உள்ளே போய்க் குத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டதே, சம்பந்தமே இல்லையே, சம்பந்தமே இல்லையே, இதே குரலில் வேறு யாரோ முன்னால் சொல்லியிருக்கிறார்கள், சிஸ்டர் இம்மாகுலேட், பாளையங்கோட்டைக் கான்வென்ட்டில் ஒன்பதாம் வகுப்பு, ஆண்டு விழாப் பேச்சுப்போட்டி, நான் மழை என்ற தலைப்பில் பேச ஏறி முதல் வாக்கியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்ட வற்றல் நனைந்ததைப் பற்றிச் சொல்லப் போய், சபையில் யாரோ சிரித்து, அதோடு எல்லாம் போய்விட்டது, வாய் திறந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, வெள்ளைச் சுவர் மாதிரி, சிஸ்டர் முன் வரிசையிலிருந்து மெதுவாக, கோபமில்லாமல், அந்தக் கோபமில்லாததுதான் கொடுமை, “சிட் டவுன், திரிபுரா” என்றார்கள், திரிபுரசுந்தரி என்ற முழுப் பெயரை அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை, அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், பிளஸ் டூவில் உயிரியலில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியும் எழுந்திருக்கவில்லை, காலேஜ் ரெண்டாம் வருஷத்தில் ஜாதகம் பொருந்திவிட்டது என்றார்கள், சரி என்று இங்கே வந்து உட்கார்ந்தேன், இதென்ன இந்த பெஞ்சில் உட்கார்ந்து பழசையெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறேன், இருபது நிமிடந்தான் இருக்கிறது, காளான், காளானை யோசி, காளான் என்றாலே அத்தை முகம் வருகிறது, எங்கள் சைவப் பிள்ளைமார் வீடுகளில் காளான் வாசல் ஏறாது, வெங்காயம் பூண்டெல்லாம் எப்போதோ ஏறிவிட்டது, காளான் மட்டும் ஏறாது, வேகும்போது கறி வாசம் அடிக்கிறதாம், கறியை வாழ்நாளில் மோந்து பார்க்காதவளுக்கு அந்த வாசம் எப்படித் தெரியும் என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாள், “தெரியாததுனாலதாம்ளா குமட்டுது.”

இதிலே சிக்கல் என்னவென்றால், என்னவென்றால், இதை நான் மூன்று வாரமாக யாரிடமும் சொல்லவில்லை, முதல்முறை சிப்பிக்காளான் பாக்கெட் வாங்கிவந்த அன்றைக்கு அத்தை போட்ட ஆர்ப்பாட்டத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது, காளான் செடிதான் அத்தை, பச்சையம் இல்லாத செடி, நாங்க தாவரவியல் புத்தகத்துல முதல் பாடமாப் படிச்சோம், சிஸ்டர் பலகையில் குடை மாதிரி வரைந்து போட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன், நிரூபித்துக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டேன், மத்தியானம் அத்தை கண்ணயர்ந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், உட்கார்ந்து படித்தேன், காளான் செடி இல்லையாம், பூஞ்சை என்று அதற்குத் தனி உலகமாம், அதோடு விட்டார்களா, செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் அது நெருங்கிய சொந்தமாம், அதன் உடம்புச் சுவரில் இருப்பது கைட்டினாம், இறால் ஓட்டில் இருக்கிற அதே கைட்டின், மிச்சச் சக்கரையைச் செடி மாதிரி மாவாகச் சேர்க்காமல் நம் ஈரல் மாதிரி கிளைக்கோஜனாகச் சேர்க்குமாம், நான் போனை மூடினேன், யாரோ எட்டிப் பார்த்துவிட்டதைப் போல மூடினேன், உள் அறையில் அத்தை குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், ஜெயித்தவள் குறட்டை, ஜெயித்தது தெரியாமலே ஜெயித்தவள், எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாமல் வெறும் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவள் சொன்னதும், ஆய்வுக்கூடத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர்கள் சொன்னதும் பக்கத்துப் பக்கத்து வீடு, அதற்குப் பிறகும் தினமும் மத்தியானம் ரகசியமாகக் காளானைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை, இன்று காலை பூசணிக்காய்ச் சண்டை போட்டபோதும் எனக்குத் தெரியும், தெரிந்தேதான் போட்டேன், முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவளிடம் சரி என்று சொன்னதில்லையே, இந்தக் காளானில் போய்த் தொடங்கவா, இப்போது பார், உள்ளே போய் உண்மையைச் சொன்னால் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார், பார்வையாளர்களும் உட்காரலாமாம், கேட்டால் வீட்டில் போய் ஒப்பிப்பார், அவருக்கு வேறெதுவும் ஞாபகமிருக்காது, அவருடைய அம்மா சரி என்ற ஒரு விஷயம் சாகும்வரை ஞாபகமிருக்கும், சரி, சொல்லாமல் விட்டால், காளான் செடியினம், ஓங்கில் விலங்கினம், சம்பந்தமில்லை, வணக்கம் என்று உட்கார்ந்துவிட்டால், உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், மறுபடி உட்கார்ந்தவள், சேலை மடிப்பை இழுத்து முழங்காலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன், கடலிலிருந்து கருவாட்டு வாசம், அத்தை இங்கே வந்தால் இந்த வராந்தாவிலேயே விழுந்துவிடுவாள், ஓங்கில், ஓங்கிலுக்கு வா, மீன் இல்லை, எல்லோரும் மீன் என்கிறார்கள், மீன் இல்லை, செவுள் கிடையாது, மேலே வந்து மூச்சு விட வேண்டும், குட்டி போடும், பால் கொடுக்கும், பசுவும் நீர்யானையும் அதற்குத் தூரத்துச் சொந்தம், அப்படியானால் பசும்பாலில் தினமும் காப்பி குடிக்கும் என் மாமியார், இரு இரு, இது நல்லா இருக்கிறதே, இதை வைத்துக்கொள், “திரிபுரசுந்தரி யாரும்மா, உள்ள வாங்க.”

உள்ளே ஒரு நீள மேசை, பின்னால் இரண்டு பேர், இந்தக் கூடத்தின் பொறுப்பாளர் ரஹ்மத் நிஷா மேடம், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருக்கிறார், அடுத்து மீன்வளக் கல்லூரியில் இருந்து ஓய்வுபெற்ற தேவசகாயம் சார், அவர் மேசையில் பேனாவை உருட்டிக்கொண்டே இருக்கிறார், அவர்களுக்கும் எனக்கும் நடுவில் மேலேயிருந்து கம்பியில் தொங்கும் ஒரு பெரிய எலும்புக்கூடு, கரையொதுங்கிய ஓங்கிலுடையதாம், அதன் துடுப்புக்குள் விரல்கள் இருக்கின்றன, என் விரல்களைப் போலவே ஐந்து, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஆரம்பிங்க என்றார்கள், வாயைத் திறந்தேன், ஒன்றுமில்லை, வெள்ளைச் சுவர், வந்துவிட்டது, முப்பத்தாறு வருஷம் கழித்து முகவரி தேடிக் கண்டுபிடித்து வந்துவிட்டது, பேனா உருள்கிற சத்தம், கடைசி வரிசையில் அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறார், எனக்காக வெட்கப்பட இப்போதே ஆயத்தமாகிவிட்டார், அந்தக் குனிந்த வழுக்கையைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன், “எங்க வீட்டுல காளானும் கறியும் ஒண்ணுன்னு ஒரு கட்சி இருக்கு சார், தலைவி எங்க மாமியார், எதிர்க்கட்சி நான், இன்னைக்கு எதிர்க்கட்சி தோத்துப்போச்சுன்னு சொல்றதுக்குத்தான் வந்திருக்கேன்”, பேனா நின்றது, யாரோ சிரித்தார்கள், ஒன்பதாம் வகுப்பில் சிரித்த அதே சிரிப்புதான், ஆனால் இந்தத் தடவை சிரிக்கும்படி நான்தான் சொன்னேன், அது வேறே, முழுக்க வேறே, அதற்கப்புறம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, காளானையும் ஓங்கிலையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினேன், ஒன்று பூஞ்சை உலகம், ஒன்று விலங்கு உலகம், சுமார் நூறு கோடி வருஷத்துக்கு முன்னால் இரண்டுக்கும் பாட்டன் ஒருத்தன், செடிகள் அதற்கும் முன்னாலேயே பாகம் பிரிந்துபோய்விட்டன, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றைச்செல் பாட்டனுக்குப் பின்பக்கம் வால் மாதிரி ஒற்றைச் சாட்டை, நீந்தித் திரிய, இன்றைக்கும் தண்ணீரில் வாழ்கிற சில பூஞ்சைகளின் வித்துக்குப் பின்னால் அந்தச் சாட்டை இருக்கிறது, ஓங்கிலின் விந்தணுவுக்கும் இருக்கிறது என்றேன், விந்தணு என்று நான் சபையில் சொன்னேன், கடைசி வரிசையில் செய்தித்தாள் இல்லாத குறைக்கு ஹெல்மெட் மெதுவாக முகத்துக்கு ஏறியது, ஏறட்டும்.

அப்புறம் பாதுகாப்பு நிலை, இதுதான் நான் மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த இடம், அழிந்துவரும் உயிர்களைக் கணக்கெடுக்கிற சிவப்புப் பட்டியலில் படிகள் உண்டு, கீழே விழுவதற்கான படிகள், நம் மன்னார் வளைகுடாவிலும் பார்க்கிற கூன்முதுகு ஓங்கில் அருகிய இனம் என்ற படியில் நிற்கிறது, வலையில் சிக்கிச் சாகிறது, பிடித்தால் சட்டப்படி ஜெயில், போஸ்டர் அடிக்கிறோம், பிள்ளைகள் சட்டையில் படம் போடுகிறோம், நல்லதுதான், ஆனால் சிசிலித் தீவின் மலைகளில் வெள்ளையாக ஒரு காளான் முளைக்கிறது, நம் கடையில் பாக்கெட்டில் வருகிறதே சிப்பிக்காளான், அதன் ஒன்றுவிட்ட தங்கை, ருசிக்காக ஆளாளுக்குப் பிடுங்கிப் பிடுங்கி அது மிக அருகிய இனம் என்ற படியில் நிற்கிறது, ஓங்கிலைவிட இன்னும் ஒரு படி பள்ளத்துக்குப் பக்கத்தில், அதற்கு யாரும் போஸ்டர் அடிக்கவில்லை, ஏன், அதற்குக் கண் இல்லை, சிரிக்கிற மாதிரி வாய் இல்லை, துள்ளிக் குதித்துக் காட்டத் தெரியாது, ஈரத்தில் இருட்டில் ஓசையில்லாமல் தன் வேலையைப் பார்க்கிறது, செத்த கட்டையையெல்லாம் அதுதான் மண்ணாக்கித் தருகிறது, அது இல்லாவிட்டால் காட்டில் நடக்க வழியிருக்காது, பேர் வைத்த பூஞ்சைகளே ஒன்றரை லட்சத்துக்கு மேலே, அதில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டுப் பட்டியலில் சேர்த்தது ஆயிரத்துச் சொச்சம், தேவசகாயம் சார் குறுக்கே வந்தார், “மிச்சத்துக்கு ஆபத்தில்லன்னு வச்சுக்கலாமில்லையா?”, பொறி, இது பொறி, எனக்குத் தெரியும், “வச்சுக்க முடியாது சார், அதுக்கு மதிப்பிடப்படாதவைன்னு தனிப் பேரு இருக்கு, நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல, யாரும் போய்ப் பாக்கலன்னுதான் அர்த்தம்” என்றேன், சொல்லும்போது என் குரல் ஏன் அப்படிக் கனத்தது என்று தெரியவில்லை, ரஹ்மத் நிஷா மேடம் தலையிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு சிரிக்காமல் கேட்டார், “கடைசியா ஒண்ணு, இங்க வர்ற ஜனங்க கண்டிப்பாக் கேப்பாங்க, அப்ப காளான் சைவமா அசைவமா?”, “அது எங்க அத்தை தீர்ப்பு சொல்லியாச்சு மேடம், அப்பீல் கிடையாது, ஆனா ஒண்ணு, சொந்தத்தைப் பாத்துத்தான் ஒதுக்கணும்னா பசு இந்தா தொங்குதே இதுக்குச் சொந்தம், நாளைக்குக் காலைல காப்பிக்கு என்ன செய்வாங்கன்னு கேட்டுச் சொல்றேன்”, தேவசகாயம் சார் மேசையைத் தட்டிச் சிரித்தார், பேனா உருண்டு கீழே விழுந்தது, உட்காருங்கம்மா என்றார், நான் உட்காரவில்லை, நின்றேன், இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், நிற்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மத்தியானம் ஒன்றரைக்குக் கதவில் வெள்ளைத்தாள் ஒட்டினார்கள், இரண்டே பெயர், மேலே திரிபுரசுந்தரி, முழுப் பெயர், ஒரு எழுத்துக் குறையாமல், கீழே ஜெனிட்டா, அந்தப் பெண் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, “ஆன்ட்டி, அந்தச் சாட்டை மேட்டர் எங்க சிலபஸ்லயே இல்ல” என்றாள், “படிம்மா, சிலபஸ்ல இல்லாததுதான் வீட்டுல பரீட்சைக்கு வரும்” என்றேன், சிவப்புக்கல் மூக்குத்தி போட்ட என் மூக்கு தானாக ஓர் அங்குலம் உயர்ந்திருந்தது, உயரட்டுமே, ஐம்பது வயதில் உயராமல் பிறகு எப்போது, கூடையிலிருந்து போனை வாங்கினேன், அவர் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திவிட்டு நின்றார், முகத்தில் என்னவோ புதிதாக ஒன்று, பயம் மாதிரி, மரியாதை மாதிரி, இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும், “ஏளா, அப்ப அம்மா சொன்னது சரிதானா?” என்று கேட்டார், எதிர்பார்த்த கேள்வி, “சரிதான், நாந்தான் தப்பு, போய்ச் சொல்லுங்க, மைக் வச்சுச் சொல்லுங்க” என்றேன், சொன்னதும் தொண்டையில் முள்ளாகக் குத்தும் என்று நினைத்தேன், குத்தவில்லை, வெல்லம் மாதிரி இறங்கியது, நூறு கோடி வருஷத்துச் சங்கதி கையில் இருக்கும்போது ஒரு கிழவிக்கு ஒரு சரியை விட்டுக்கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது, அவருக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, ஹெல்மெட் வாரைப் போட்டுப் போட்டுக் கழற்றினார், “சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் பேசினே” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார், ஸ்கூட்டர் கண்ணாடியை, போதும், இந்த வருஷத்துக்கு அது போதும், வீட்டுக்குப் போன் போட்டேன், ஸ்பீக்கரில் போட்டேன், அவரும் கேட்கட்டும் என்று, அத்தைதான் எடுத்தாள், “என்னளா, என்ன சொன்னானுவ?” என்றாள், டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள், அவள் டி.வி.யைக் குறைத்து நான் பார்த்ததில்லை, “கெடச்சுட்டு அத்தை, பதினோரு பேருல மொத ஆளு நான்”, ஒரு இருமல், அதில் சந்தோஷமா வருத்தமா என்று பிரிக்க முடியவில்லை, “வாரத்துல ரெண்டு நாளு அத்தை, சனியும் ஞாயிறும், காலைல பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும், நின்னு பேசணும்”, கடற்காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது, நான் கையால் மறைத்துக்கொண்டு வாயைப் பக்கத்தில் வைத்தேன், அவரையும் பார்த்துக்கொண்டே, இரண்டு பேருக்கும் சேர்த்து, கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்த அத்தனை பணிவோடும் கேட்டேன், “ஞாயித்துக்கிழமைய அப்புறம் பாத்துக்கலாம், சனிக்கிழமை மத்தியானத்துக்கு மட்டும் யாராவது ஒருத்தர் சோறு பொங்கி வச்சிடுறீங்களா?”, அவர் சாவியைத் துளையில் போட்டுத் திருப்பாமல் அப்படியே நின்றார், அந்தப் பக்கம் அத்தை மூச்சு விடுவது கேட்டது, நான் காத்திருந்தேன், எனக்கென்ன அவசரம், சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, “கேக்குதா, சனிக்கிழமை, சோறு, யாராவது ஒருத்தர்?”